உங்களுக்குத் தெரியுமா? மன்னார்ப் பிள்ளைகளுக்கு யார் துணை?

● போரையும் சுனாமியையும் கண்ட பிள்ளையின் மனத்தை இன்றைக்கு அதிகம் வாட்டுவது எது? அந்தப் பழைய நாளின் நினைவு என்றுதான் சட்டென்று சொல்வோம். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் 427 பேரிடம் இலங்கையில் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. போரும் சுனாமியும் விட்டுப்போன காயம், கணிசமான அளவுக்கு அன்றாடக் கஷ்டங்கள் வழியாகத்தான் பிள்ளையை வந்து தாக்குகிறது. பழைய அழிவோடு சம்பந்தமே இல்லாத தினசரித் தொல்லைகளும் தம் பங்குக்குப் பிள்ளையை நோகடிக்கின்றன.

தகப்பனுக்குக் கடற்றொழில் சரியில்லாத மாதத்தில் ரியூசன் காசு கட்ட முடியாமல் கூனிக் குறுகி நிற்கும் பேசாலைப் பிள்ளைக்கு, மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் அது அரைவாசி வேலைதான். அந்தக் காசுக்கும் யாராவது வழி பார்க்க வேண்டும். உளவளத்துணை என்றால் இரண்டும் சேர்ந்ததுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

● மன்னார் மாவட்டத்தில் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள்: மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு, மடு. உளவளத்துணை, சிறுவர் உரிமை மேம்பாடு, இளைஞர் சேவை என்று இளையோருக்கு உதவ அரசாங்கம் உருவாக்கிய பதவிகள் பிரதேச செயலக மட்டத்தில்தான் இருக்கின்றன. இந்தச் சேவைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு விசயமாக அங்கே வந்து காத்திருக்கும் எத்தனையோ தாய்மார், மகனைப் பற்றிப் பேசவும் அதே இடத்தில் ஆள் உண்டு என்பது தெரியாமலே வீடு திரும்புகிறார்கள்.

● பள்ளிக்கூடக் கொப்பி மட்டையில் எழுதி வைக்க மூன்று இலக்கங்கள். 1926: தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். 1929: தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பெரியவர் யாரும் துணைக்கு இல்லாமல் பிள்ளையே எடுக்கலாம். 1990: உயிருக்கு ஆபத்தென்றால் சுவசெரிய அம்புலன்ஸ். தெற்கில் 2016இல் தொடங்கிய இந்தச் சேவை வடக்குக்கு 2018இல் வந்தது.

● தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் ஒரு காலத்தில் குற்றம். 1998இல் அந்தச் சட்டப் பிரிவை நீக்கிவிட்டார்கள். பொலிஸ் வழக்குப் போடும் என்று பயந்து பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தயங்க வேண்டிய காரணமே இப்போது இல்லை.

● 1995 அளவில் உலகிலேயே தற்கொலை வீதம் மிக அதிகமான நாடுகளில் இலங்கையும் ஒன்று. இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவு. பின்வந்த இருபது ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. நாட்டின் துயரம் குறைந்து இது நடக்கவில்லை. அதே காலத்தில்தான் போரும் நடந்தது, சுனாமியும் வந்தது. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிநாசினிகளை 1995 முதல் படிப்படியாகத் தடை செய்ததுதான் முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தாங்க முடியாத அந்த நேரம் பலருக்கும் வந்தது போலவே போய்விடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லையென்றால் உயிர் தங்கும்.

கட்டுக்கரைக் குளத்தை நம்பி வயல் செய்யும் நானாட்டான், முருங்கன் வீடுகளில் பயிர் மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதும், திறப்பை ஒரு பெரியவரிடம் கொடுத்து வைப்பதும் உளநலப் பணிதான். அதைச் செய்ய எந்தப் பட்டமும் தேவையில்லை.

● "சாக வேணும் எண்டு யோசிக்கிறியா தம்பி?" என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஊட்டுவதாக ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பாரம் இறங்கியதாகத்தான் பலமுறை கண்டிருக்கிறார்கள். மெதுவாக, தனியாக, பக்கத்தில் இருந்து கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். "ஓம்" என்று சொன்னால் அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

● நிலத்தில் ஒரு நீளக் கயிறு. ஒரு முனை பிள்ளை பிறந்த நாள், மறுமுனை இன்றைய நாள். நல்லது நடந்த இடத்தில் பிள்ளை ஒரு பூவை வைக்கும், கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல்லை வைக்கும். பிறகு ஒவ்வொரு கல்லாகத் தொட்டு, அன்று என்ன கண்டது, என்ன கேட்டது, உடம்பு எப்படி நடுங்கியது என்று கோர்வையாகக் கதை சொல்லும். பக்கத்தில் இருப்பவர் அதை எழுதிக்கொள்வார். கயிற்றின் மீதி சுருட்டியபடியே கிடக்கும், அது இன்னும் வாழாத காலம்.

இந்த முறையை 2004 சுனாமி நடந்த சில வாரங்களிலேயே வடகிழக்கில் முகாம் பிள்ளைகள் 31 பேரிடம் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள்தான் நடத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறே அமர்வுகள். சிலருக்குக் கதை சொல்லும் முறை, மற்றவர்களுக்குத் தியானமும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் 81 வீதமானவர்களும் தியானம் செய்தவர்களில் 71 வீதமானவர்களும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் வெளியிலிருந்து நிபுணர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடக் கிட்டிய சான்று நமக்கு வேண்டியதில்லை.

● எல்லாப் பயிற்சியும் எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. வடக்கில் 9 முதல் 12 வயது வரையான பிள்ளைகள் 399 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்று 2012இல் வெளியானது. வகுப்பறையில் ஐந்து வாரம், விளையாட்டும் சித்திரமும் கதையுமாகப் பதினைந்து அமர்வுகள். முரட்டு நடத்தை குறைந்தது, பையன்களுக்குப் பதற்றமும் குறைந்தது. ஆனால் பயிற்சிக்கு வராத பெண் பிள்ளைகள், வந்தவர்களைவிடக் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். போரின் நெருக்கடி அன்றும் தொடர்ந்த வீடுகளின் பிள்ளைகளுக்குப் பலன் குறைவு.

இதை நான் முக்கியமாக எடுத்துச் சொல்கிறேன். ஒரு நாள் செயலமர்வு, பதாகை, குழுப்படம் என்று நடத்தி முடித்துவிட்டுப் போகிறவர்கள், அந்தப் பிள்ளைகளிடம் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து கேட்டார்களா? உங்கள் பாடசாலைக்கு வருபவர்களிடம் இந்தக் கேள்வியை அதிபரும் பெற்றாரும் கேட்டேயாக வேண்டும்.

● மன்னார்த் தெருவெல்லாம் திரியும் கழுதைகளும் உளநலப் பணியில் இருக்கின்றன! பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு மன்னாரில் தொடங்கிய கழுதைச் சிகிச்சை, கல்வி நிலையத்தில், விசேட தேவையுள்ள பிள்ளைகளைக் கழுதைகளோடு பழகவிடுகிறார்கள். கழுதை அவசரப்படுத்தாது, பதில் சொல்லச் சொல்லாது. தடவினால் அசையாமல் நிற்கும். மனிதர் முகத்தைப் பார்க்கத் தயங்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். அடிபட்டுக் கிடந்த கழுதைக்கும் வைத்தியம், ஒதுங்கிக் கிடந்த பிள்ளைக்கும் துணை.

● 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஊரிழந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று இளைஞர்கள். புத்தளத்தில் பிறந்து, எருக்கலம்பிட்டிக்கோ சிலாவத்துறைக்கோ "திரும்பி" வந்திருக்கும் பிள்ளைக்கு இது தாத்தாவின் ஊர், கூட்டாளிகள் எல்லாம் புத்தளத்தில். மறுபக்கம், தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடிப்போய் மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாடெங்கும் பரவியவர்களின் பிள்ளைகள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டு இங்கே க.பொ.த. வகுப்பில் வந்து இருப்பவர்களும் உண்டு. இவர்களுக்கு முதலில் வேண்டியது பிறப்புச் சான்றிதழ், வகுப்பில் ஓர் இடம், பக்கத்து வாங்கில் ஒரு கூட்டாளி. முகாம் பிள்ளைகளின் படிப்புக்காக ஈழ ஏதிலியர் புனர்வாழ்வுக் கழகம் 1984 முதல் உழைத்ததால்தான் பலர் சான்றிதழோடு திரும்ப முடிந்தது.

● பதினைந்து வயதுப் பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறான் என்றால் அது வீட்டுப் பிரச்சினை மட்டுமில்லை. 2016 முதல் 16 வயதுவரை கட்டாயக் கல்வி. 2021இல் வேலைக்குச் சேர்க்கக்கூடிய குறைந்த வயதும் 16 ஆயிற்று. கிராம அலுவலரிடம் சொன்னால் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்ததாக ஆகாது, உதவி தேடிக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

● சிம்பாப்வேயில் உளவளத்துணை செய்பவர்கள் பாட்டிமார். 2006இல் மனநல வைத்தியர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய திட்டம் இது. சுகாதார நிலைய வளவில் ஒரு வாங்கு, அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி.

● அதே 2006இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய ஹெட்ஸ்பேஸ் நிலையங்கள் 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்களுக்கு. உளநலம், உடல்நலம், மது போதைப் பழக்கம், படிப்பும் தொழிலும் என்று நான்கும் ஒரே கூரையின் கீழ். வேலை தேடி வரும் பிள்ளையிடமே நித்திரை வருகிறதா என்றும் கேட்கிறார்கள்.

மன்னாரில் இந்தச் சேவைகள் நான்கு இடங்களில் தனித்தனியே இருக்கின்றன: மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, பிரதேச செயலகம், தொழிற்பயிற்சி நிலையம், வாழ்வுதயம் போன்ற தொண்டு அமைப்புகள். ஆனால் பாடசாலை விடுவது பகல் ஒன்றரைக்கு, அதன்பின் ரியூசன். அரச அலுவலகம் மூடுவது நாலேகாலுக்கு. தலைமன்னார்ப் பிள்ளை பஸ் பிடித்து நகரத்துக்கு வந்து சேரும்போது யாரும் இருக்க மாட்டார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் பேசாலையில் ஓர் அறை, தலைமன்னாரில் ஓர் அறை, நான்கு இடத்து ஆட்களும் முறைவைத்து வந்து இருந்தால் போதும். அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதை யாராவது எழுத்தில் கொடுத்துக் கேட்க வேண்டும்.