தாத்தா, பாட்டியின் பிளாக் அண்ட் ஒயிட் போட்டோவை பெரிதாக்கி சுவரில் மாட்டப் போறீங்களா? அதற்கு முன்னால் இதைப் படிங்க!

புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம், பழைய வீட்டைச் சீரமைத்து நடத்தும் ஹோட்டலுக்கோ கஃபேவுக்கோ போயிருக்கீங்களா? உயரமான வெள்ளைச் சுவர். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ. நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு பெரியவர், பக்கத்தில் நிற்கும் மனைவி, சிரிக்காத குழந்தைகள். எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது அந்த ஆசை வீடுகளுக்கும் வந்துவிட்டது. புது ஃபிளாட்டின் ஹாலில் கடையில் வாங்கிய இயற்கைக் காட்சி எதற்கு, நம்ம தாத்தா பாட்டியையே பெரிசா மாட்டலாமே என்று பலரும் பெட்டியைத் திறக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அவசரப்பட்டால் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் போட்டோவே பாழாகிவிடலாம். எப்படிச் சரியாகச் செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புதுச்சேரி போட்டோக்களில் என்ன ஸ்பெஷல்?

தமிழ்நாட்டு வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் கல்யாண போட்டோ, குடும்ப போட்டோ எல்லாம் இங்கேயும் உண்டு. கூடவே இன்னொரு வகையும் இருக்கும். பிரெஞ்சு ராணுவச் சீருடையில், தொப்பியோடு நிற்கும் தாத்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை ஊரில் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். அரசு வேலைக்காக வியட்நாமின் சைகோன் நகரத்துக்குப் போன குடும்பங்களும் இங்கே ஏராளம்.

1954 நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு, இந்தியர்களாகவே இருந்தவர்களும் உண்டு. அதனால் அண்ணன் குடும்பம் பிரான்ஸில், தம்பி குடும்பம் முத்தியால்பேட்டையில் என்று பிரிந்த வீடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் பழைய குரூப் போட்டோ வெறும் அலங்காரப் பொருள் இல்லை. எல்லோரும் ஒன்றாக இருந்ததற்கு அதுதான் சாட்சி.

அதனால் முதல் வேலை, போட்டோவின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோவின் முத்திரை, ஊர்ப் பெயர், பிரெஞ்சில் எழுதிய தேதி என்று ஏதாவது இருக்கலாம். பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிரேம் போட்ட பிறகு அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

பழைய ஸ்டூடியோ படங்களுக்கு என்ன ஆனது?

சாயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கப்பட்டது. தென்னிந்தியக் கோயில்களின் லட்சத்துக்கும் அதிகமான புகைப்படங்கள் அங்கே இருக்கின்றன. அதே நிறுவனம் 2010-களில் இன்னொரு வேலையையும் கையில் எடுத்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டூடியோக்களையும் குடும்பங்களையும் தேடிப் போய், சுமார் 1880 முதல் 1980 வரையிலான படங்களை டிஜிட்டலாக மாற்றினார்கள். மானுடவியல் ஆய்வாளர் ஸோயே ஹெட்லி இந்தப் பணியை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர்.

ஏன் இவ்வளவு அவசரம்? ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது நெகட்டிவ்களும் போய்விட்டன. கண்ணாடி நெகட்டிவ்கள் பழைய கண்ணாடி விலைக்குப் போயின. ஃபிலிம் நெகட்டிவ்கள் அதிலிருக்கும் வெள்ளிக்காக விற்கப்பட்டன. மிச்சத்தை ஈரமும் பூஞ்சையும் தின்றுவிட்டன. அதாவது, உங்கள் வீட்டில் இருக்கும் அந்த ஒரு பிரிண்ட்டுக்கு நெகட்டிவ் எங்கேயும் இல்லை என்று நினைத்துக்கொண்டே அதைத் தொடுங்கள்.

சின்ன போட்டோவில் எப்படி இவ்வளவு தெளிவு?

1920-களில் எடுத்த படம் பளிச்சென்று இருக்கும். 1980-களில் எடுத்த கலர் படம் மங்கிப்போய் இருக்கும். காரணம் இருக்கிறது.

அந்தக் கால ஸ்டூடியோ கேமராவில் பெரிய கண்ணாடித் தகடுதான் நெகட்டிவ். அதைப் பேப்பர் மேல் அப்படியே வைத்து வெளிச்சம் காட்டி, அதே அளவில் பிரிண்ட் போட்டார்கள். படம் பெரிதாக்கப்படவே இல்லை. அதனால் புடவை பார்டர், மூக்குத்தி, நாற்காலியின் வேலைப்பாடு வரை நுணுக்கம் அப்படியே பதிந்திருக்கும். பிற்காலத்து 35 மில்லிமீட்டர் ஃபிலிம் ரொம்பச் சின்னது. அதைப் பெரிதாக்கித்தான் பிரிண்ட் போட்டார்கள். இன்னொன்று, பிளாக் அண்ட் ஒயிட் படம் வெள்ளித் துகள்களால் ஆனது. கலர் படம் சாயத்தால் ஆனது. சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும்.

எவ்வளவு பெரிதாக்கலாம்? ஒரு சிம்பிள் கணக்கு

ஸ்கேனரில் 'டிபிஐ' என்று ஒரு அளவு இருக்கும். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பதுதான் அது.

உங்களிடம் 2 அங்குலம் அகலம், 3 அங்குலம் உயரம் உள்ள போட்டோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 2400-க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும்.

* கையில் வைத்துப் பார்க்க 300 டிபிஐ வேண்டும். அப்படியென்றால் 8-க்கு 12 அங்குலம் வரை போகலாம்.
* சுவரில் மாட்டி நாலைந்து அடி தள்ளிப் பார்க்க 150 டிபிஐ போதும். 16-க்கு 24 அங்குலம் வரை போகலாம்.
* ஹாலின் மறுமுனையில் இருந்து மட்டும் பார்க்கும் படம் என்றால் 100 டிபிஐ கூடத் தாங்கும். 24-க்கு 36 அங்குலம்.

இது உச்ச அளவு. அசல் படமே மங்கலாக இருந்தால் எத்தனை டிபிஐ வைத்தாலும் இல்லாத நுணுக்கம் வராது. ஸ்கேன் செய்த படத்தைக் கம்ப்யூட்டரில் முழு அளவுக்கு ஜூம் செய்து கண்களைப் பாருங்கள். இமை தெரிந்தால் தைரியமாகப் பெரிதாக்கலாம். கண் வெறும் கறுப்புத் திட்டாகத் தெரிந்தால் அளவைக் குறையுங்கள். சின்ன படத்தைச் சுற்றி அகலமான வெள்ளை மவுன்ட் வைத்துப் பெரிய பிரேம் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும்.

ஸ்கேன் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

* படத்தை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. மென்மையான, காய்ந்த பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள்.
* பிளாக் அண்ட் ஒயிட் படம்தானே என்று கிரே மோடில் ஸ்கேன் செய்யாதீர்கள். கலர் மோடில் எடுத்தால் மஞ்சள் கறை, பழுப்பு நிறம் எல்லாம் தனியாகத் தெரியும். பிறகு சரி செய்வது சுலபம்.
* கோப்பை 'டிஃப்' வடிவில் ஒன்று சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். பிரிண்ட் கடைக்குப் பென்டிரைவில் கொடுங்கள் அல்லது மெயில் அனுப்புங்கள்.
* பிரேம் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டதா? பிய்க்காதீர்கள். படத்தின் மேற்பரப்பு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.
* ஸ்கேனர் இல்லையா? ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், படத்துக்கு நேர் மேலே போனைப் பிடித்து ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். சுமாரான அளவுக்கு அது போதும்.

ஏஐ ஆப் பயன்படுத்தலாமா?

இங்கேதான் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும். இது என் சொந்த அனுபவம்.

என் ஆயாவின் அம்மாவுக்கு தனிப்படமே கிடையாது. ஒரு கல்யாண குரூப் போட்டோவில், மூன்றாவது வரிசையில் நிற்பார். முகம் என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதை வெட்டி எடுத்து, போனில் ஓர் ஆப்பில் போட்டேன். பத்தே நொடியில் பளபளவென்று ஒரு முகம் வந்தது. பிரிண்ட் போட்டு ஆயாவிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "யாரு இந்தப் பொம்பள? எங்கம்மாவுக்கு ஒரு கண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கும்" என்றார்.

பழைய படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான், இடது கண் சின்னது. ஆப் அதைப் 'பிழை' என்று நினைத்துச் சரி செய்துவிட்டது.

இந்த ஆப்கள் மறைந்துபோன விவரத்தைக் கண்டுபிடித்துத் தருவதில்லை. லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகி, இங்கே இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. கலர் போடும் ஆப்களும் அப்படித்தான். முகூர்த்தப் புடவை என்ன நிறம் என்று அந்தப் படத்துக்குள் எங்கேயும் பதிவாகவில்லை. ஆப் சொல்வது வெறும் யூகம். தோல் நிறத்தையும் அது இஷ்டத்துக்கு வெளுக்க வைக்கும்.

பாரதியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தவர். அவருடைய அசல் புகைப்படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாம் பார்த்து வளர்ந்த கலர் பாரதி, ஓவியர்கள் வரைந்தது. அவர் புகழ்பெற்றவர் என்பதால் அசல் படங்கள் காப்பாற்றப்பட்டு, ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கின்றன. உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? தவறான முகம் சுவரில் ஏறிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அதுதான் அவர் முகம்.

கீறல், கறை, மடிப்பு இவற்றை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். முகத்தைத் தொட வேண்டாம் என்று ஸ்டூடியோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த முகத்தை நேரில் பார்த்தவர் வீட்டில் யாராவது இருந்தால், பிரிண்ட்டுக்கு முன் அவரிடம் ஒரு தடவை காட்டுங்கள்.

எதில் பிரிண்ட்? எப்படி பிரேம்?

விலை குறைவு என்று ஃபிளெக்ஸில் போட்டால் வீட்டுக்குள் பேனர் வைத்த மாதிரிதான் இருக்கும். பளபளப்பு இல்லாத மேட் பேப்பரில், பிக்மென்ட் மையில் பிரிண்ட் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சம் பிரதிபலிக்காது, சீக்கிரம் வெளுக்கவும் செய்யாது. கேன்வாஸும் நல்லாதான் இருக்கும். ஆனால் துணியின் சொரசொரப்பில் சின்ன நுணுக்கங்கள் மறைந்துவிடும்.

பிரேம் கடையில் மூன்று விஷயம் சொல்லுங்கள். படத்தைக் கோந்து போட்டு ஒட்ட வேண்டாம். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுன்ட் வைத்து இடைவெளி விட வேண்டும். பின்னால் சாதாரண அட்டைக்குப் பதில் அமிலம் இல்லாத அட்டை வைக்க வேண்டும். சாதாரண அட்டையில் இருக்கும் அமிலம்தான் சில வருஷத்தில் பழுப்புக் கறையாக இறங்குகிறது.

எந்தச் சுவரில் மாட்டலாம்?

புதுச்சேரியில் கடல் காற்று பெரிய பிரச்சினை. ஈரமும் உப்பும் சேர்ந்தே வரும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், சமையல் புகை படும் இடம் எதுவும் வேண்டாம். முற்றம் உள்ள பழைய வீடு என்றால் நேர் வெயில் படாத தாழ்வாரத்தின் உட்சுவர் பரவாயில்லை. பிரேமின் கீழ் இரண்டு மூலையிலும் சின்ன ரப்பர் பட்டன் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். பல்லி, பூச்சி குடியிருப்பதும் குறையும்.

இறந்தவர் படத்தை ஹாலில் மாட்டலாமா என்று வீட்டில் பேச்சு வரும். மாலை, பொட்டு, சின்ன பல்பு என்று வைக்கும் வழக்கம் ஒரு பக்கம். அலங்காரமாக மாட்டுவது இன்னொரு பக்கம். பெரியவர்களிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். பூஜைக்கு ஒரு பிரதி, ஹாலுக்கு ஒரு பிரதி என்று வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

அசலை என்ன செய்வது?

அசலை மாட்டவே மாட்டாதீர்கள். சுவரில் இருப்பது பிரதியாக மட்டும் இருக்கட்டும். அசலை அமிலம் இல்லாத பேப்பர் கவரில் போட்டு, பீரோவுக்குள் படுக்கை வசமாக வையுங்கள். ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். புகைப்படங்களுக்கு 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். கடலோர ஊரில் அது கஷ்டம்தான். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருங்கள். படத்தின் கறுப்புப் பகுதி நீலமாக, உலோகம் மாதிரி மினுங்குகிறதா? வெள்ளி மேலே வர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஸ்கேன் செய்யுங்கள்.

யாருடைய படம் அது?

பழைய பொருள் கடைகளில் முன்பின் தெரியாத குடும்பங்களின் படங்களும் விற்பனைக்கு வருகின்றன. வீட்டை இடிக்கும்போது, பெட்டியோடு எடைக்குப் போட்டவைதான் பெரும்பாலும் இப்படி வருகின்றன. வாங்கி மாட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் அது யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கும் பாட்டியாக இருக்கலாம். பின்பக்கம் பெயரோ ஊரோ இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுள் காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. சொந்தக் குடும்பப் படத்தை வீட்டில் மாட்டுவதில் சிக்கல் இல்லை. காலண்டர், ஹோட்டல் விளம்பரம் என்று வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் அனுமதி பற்றி யோசிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று

பிரேமின் பின்னால் ஒரு பேப்பரில் எல்லோருடைய பெயரையும், இடமிருந்து வலமாக எழுதி ஒட்டுங்கள். பெண்களைத் 'தாத்தாவின் மனைவி' என்று எழுதாமல் பெயரோடு எழுதுங்கள். தெரியாவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பெரியவர்களைக் கேளுங்கள்.

என் வீட்டில் இப்போது முழு குரூப் போட்டோவும் 16-க்கு 24 அங்குலத்தில் மாட்டியிருக்கிறது. முகத்தில் எதுவும் மாற்றவில்லை, கொஞ்சம் மங்கல்தான். ஆயா தினமும் அதைக் கடந்து போகும்போது மூன்றாவது வரிசையைத் தொட்டுவிட்டுப் போவார். கண்ணாடியில் அந்த இடத்தில் மட்டும் எப்போதும் ஒரு கைரேகை இருக்கும். நாங்கள் துடைப்பதில்லை.