பூட்டிய எழுத்துக்கு ஒரு சாவி

சொந்தக் கோப்பையே படிக்க முடியாத அவதி தமிழில் எழுதும் பலருக்கு உண்டு. வழி காட்டுகின்றன திறந்த மென்பொருள்கள்.

தில்லி நேரு பிளேஸில் கணிப்பொறி பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடை. 2002இல் மதுரை டி.டி.பி. சென்டர் ஒன்றில் தட்டச்சு செய்து, சி.டி.யில் பதிந்து வாங்கிய என் எம்.ஃபில். ஆய்வேட்டைத் திறக்கப் போயிருந்தேன். இப்போதைய மடிக்கணினிகளில் சி.டி. போட இடமே இருப்பதில்லை. கடைப் பையன் தன்னிடமிருந்த பழைய கருவியில் போட்டான். கோப்பு திறந்தது. திரை முழுக்கப் பவுண்டு குறிகளும், தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும். "ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை ஜி, மொழிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது" என்றான் இந்தியில்.

விஷயம் சிரிப்பதற்கில்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் என் அப்பத்தா பாடிச் சொன்ன 60 ஒப்பாரிப் பாடல்கள் இருந்தன. அப்பத்தா இன்று இல்லை. அச்சுப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது.

பையன் சொன்னதில் உண்மை இருந்தது. கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அந்நாளைய எழுத்துருக்களில் இருந்தவை 256 இடங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அவற்றில் தமிழைத் தன் இஷ்டப்படி அடுக்கியது. பவுண்டு குறிக்குரிய 163ஆம் இடத்தில் என் ஆய்வேட்டில் உட்கார்ந்திருந்தது துணைக்கால். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் 'அம்மா' கூட வெறும் கிறுக்கல்தான். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும் கணிப்பொறியின் முதுகில் 'டாங்கிள்' என்ற பூட்டைச் செருகினால்தான் ஓடும். சென்டர் மூடப்பட்டது, பூட்டும் போனது, சாவியும் போனது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயற்சிகள் நடக்காமலில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. அதில் 'அ' எந்த நாட்டில், எந்தக் கருவியில் தட்டினாலும் 2949தான். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். ஆனால் அதற்கு முன் எழுதிக் குவித்தவை?

இங்கேதான் கைகொடுத்தார்கள் முகம் தெரியாத தன்னார்வலர்கள். பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றும் நிரல்களை எழுதி, உள்ளே இருப்பதை யாரும் பார்க்கவும் திருத்தவும் விட்டிருக்கிறார்கள். நான் எடுத்த நிரலில் இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தன. நிரல் என்பது பொறியாளர் சமாச்சாரம் என்று பயந்தபடி திறந்தால், உள்ளே இருந்தது பழைய குறி ஒரு பக்கம், தமிழ் எழுத்து மறுபக்கம் என்று வெறும் அட்டவணை. இரண்டு வரி சேர்த்தேன், வேலை முடிந்தது. விலைக்கு வாங்கிய பெட்டியில் இந்த உரிமை கிடையாது. அங்கே பிழை என்றால் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

எழுதுவதற்கும் இப்போது லிப்ரே ஆபீஸ்தான். சன் நிறுவனம் 2000இல் திறந்துவிட்ட ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010இல் கிளைத்தது அது. ஆண்டுச் சந்தா இல்லை. இணையம் அறுந்தாலும் ஓடும். அதன் கோப்பு வடிவம் 2006 முதல் சர்வதேசத் தரம். நாளை லிப்ரே ஆபீஸே இல்லாமல் போனாலும் அந்தக் கோப்பைத் திறக்க வேறொருவர் மென்பொருள் எழுதலாம்.

குறைகளும் உண்டு. வேறு மென்பொருளில் செய்த அட்டவணைகள் இதில் திறந்தால் சில நேரம் இடம் மாறி நிற்கின்றன. பல அச்சகங்கள் இன்னமும் பழைய எழுத்துருக்களையே கேட்கின்றன. என் மாற்றியும் 'கௌரி'யைக் 'கெளரி' ஆக்கியது. இவற்றையெல்லாம் உட்கார்ந்து கண்ணால்தான் திருத்த வேண்டும்.

பழைய சி.டி. வைத்திருப்பவர்கள் அது படிக்கும் நிலையில் இருக்கும்போதே கோப்புகளை நகலெடுத்து, எழுத்துருவின் பெயரையும் குறித்து வைப்பது நல்லது. பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. 60 பாடல்களும் திரும்பின. ஊரிலிருக்கும் அத்தைக்கு அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது. "ஆத்தா குரலைக் கேட்ட மாதிரி இருந்துச்சுய்யா" என்றார். கைபேசியிலேயே படித்திருக்கிறார். என்ன எழுத்துரு என்று அவர் கேட்கவில்லை.