ஓட்டறவன் யாருங்க?

கோயமுத்தூரில் ரேஸ் கோர்ஸ் என்றால் இன்றைக்கு நடைப்பயிற்சி. இரண்டரை கிலோமீட்டர் வட்டம், மர நிழல், விடிவதற்குள் வந்துவிடும் சர்க்கரை நோயாளிகள், ஓரத்தில் ஆல் சோல்ஸ் சர்ச், அதிகாரிகளின் பங்களாக்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே குதிரை ஓடியது என்பதற்கு அந்தச் சாலையின் வளைவும் பெயரும்தான் மிச்சம். ஓட்டியவர்கள் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

ஊருக்கு வடக்கே, சத்தி ரோட்டில் இருக்கும் கணபதியின் கதை வேறு. டெக்ஸ்டூல் கம்பெனியையும் அதைச் சுற்றி முளைத்த லேத் பட்டறைகளையும் பவுண்டரிகளையும் நம்பி வளர்ந்த பகுதி இது. இங்கே எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வேலை பார்த்த ஒரு தலைமுறைக்கு ஜாக்கிகளின் பெயர்கள் மனப்பாடம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத மோல்டர்கூட ‘இந்து’ பேப்பரின் ரேஸ் பக்கத்தில் ஜாக்கி பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். குதிரையின் பெயர் எப்போதும் வாயில் நுழையாது. ‘மூணாம் நம்பர், ஷிண்டே’ என்றால் பேச்சு முடிந்தது.

எங்கள் பெரியப்பா அந்தக் கூட்டத்தில் ஒருவர். யார் என்ன டிப்ஸ் கொடுத்தாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: “குருதை யாருதா வேணா இருக்கட்டுங்க, ஓட்டறவன் யாரு?” கையில் வேலை தெரிந்தவர்களுக்கே உரிய கேள்வி அது. அதே லேத், அதே இரும்பு; ஒருவன் கடைந்தால் மைக்ரான் சுத்தமாக வரும், இன்னொருவன் கடைந்தால் ஸ்கிராப்புக்குப் போகும். மெஷின் வாங்கிய முதலாளிக்குத் தெரியாத இந்த விஷயம் பட்டறைக்காரனுக்குத் தெரியும். அவன் ஜாக்கியைப் பார்த்தது அந்தக் கண்ணால்தான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொங்கு நாட்டுக்காரனுக்குக் குதிரை புதிதல்ல. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால், வருகிற குதிரையின் நெற்றியிலும் கழுத்திலும் எங்கெங்கே சுழி இருக்கிறது என்று பார்த்து விலை பேசுவார்கள். ரேக்ளாவிலும் முதலில் கேட்பது மாடு யாருடையது என்றுதான். ஓட்டியவன் பெயர் பிறகு, சில சமயம் பரிசு கொடுக்கும்போதுதான் வரும். அப்படி வளர்ந்தவர்கள் ஊட்டி ரேஸுக்குப் போன இடத்தில் சுழியையும் உடைமைக்காரரையும் விட்டுவிட்டு, மேலே உட்கார்ந்திருக்கும் ஐம்பது கிலோ ஆளைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஊட்டி ரேஸ்தான் அன்றைக்குக் கோவைக்காரனின் ரேஸ். சென்னையின் கிண்டி தூரம், ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். ஊட்டிக்கு காந்திபுரத்தில் காலையில் பஸ் ஏறினால் மேட்டுப்பாளையம், கல்லாறு, குன்னூர் தாண்டி முற்பகலுக்குள் போய்விடலாம். சென்னையில் வெயில் ஏறும் முன்பே கிண்டிக் குதிரைகளை லாரிகளில் மலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் வரை ஊட்டிப் பருவம். நீலகிரி ஆயிரம் கினியாஸ், இரண்டாயிரம் கினியாஸ், மே மாதத்தில் நீலகிரி டெர்பி. 1886 முதல் அங்கே பந்தயம் நடந்தது. மைதானம் பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருந்தது பெரிய சௌகரியம். டிக்கெட் எடுக்கக் காசில்லாதவன் ரோட்டோரம் நின்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, கேரட் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ் பிடிப்பான். பந்தயத்தில் பணம் கட்டாதவர்களுக்கும் ஜாக்கி தெரிந்தது இப்படித்தான்.

கடல் மட்டத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு மீட்டருக்கு மேலே, மூச்சு வாங்கும் காற்றில், திடீரென இறங்கும் மூடுபனிக்கும் மழைக்கும் நடுவே அங்கே ஓட்ட வேண்டியிருந்தது. திருப்பங்கள் நெருக்கம். கிண்டியில் விறுவிறுவென்று முன்னால் போய் ஜெயித்த குதிரை இங்கே கடைசி இருநூறு மீட்டரில் வாயைப் பிளந்துவிடும். எப்போது பிடித்து நிறுத்துவது, எப்போது விடுவது, உள்வேலியை ஒட்டிப் போவதா வெளியே வருவதா என்பதெல்லாம் ஜாக்கியின் கையில். ஒன்றரை நிமிடத்துக்குள் எடுக்க வேண்டிய முடிவுகள் அவை.

சேணத்தின் மேல் குந்தியமாதிரி உட்கார்ந்து ஓட்டும் இந்தப் பாணியே பழையதல்ல. டாட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜாக்கி 1897-இல் இங்கிலாந்துக்குப் போய் இப்படி உட்கார்ந்தபோது சிரித்தார்கள். அவர் வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்ததும் சிரித்தவர்களும் குனிந்துகொண்டார்கள்.

எடை விஷயம் ரேஸுக்குப் போகாதவர்களுக்குத் தெரியாது. ரேஸ் புத்தகத்தில் ஒரு குதிரைக்கு 56 கிலோ என்று போட்டிருந்தால், ஜாக்கியும் சேணமும் சேர்ந்து 56 இருக்க வேண்டும். குறைந்தால் சேணத்துக்குள் ஈயத் தகடு வைத்துச் சரிக்கட்டுவார்கள். ஓடி முடித்து வந்ததும் மறுபடி தராசு. அப்போது எடை குறைந்திருந்தால் முதலில் வந்த குதிரைக்கும் பரிசு போச்சு. கூடினாலும் தொல்லை, தேவைக்கு மேல் சுமக்கும் ஒவ்வொரு அரைக் கிலோவும் குதிரையின் முதுகில்தான் ஏறும். அதனால் ஜாக்கியின் வாழ்க்கையே பட்டினி. ஆவிக்குளியல், வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு ஓட்டம், மத்தியானத்துக்கு ஒரு கப் டீ. பதின்மூன்று முறை இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த ஃப்ரெட் ஆர்ச்சர், மனைவியை இழந்த துக்கமும் காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்து வாட்ட, 29 வயதில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அது நடந்ததும் ஊட்டியில் பந்தயம் தொடங்கிய அதே 1886-இல்தான். அடுத்த நூற்றாண்டில் லெஸ்டர் பிகட் ஐந்தடி எட்டங்குல உயரத்தை வைத்துக்கொண்டு, எப்சம் டெர்பியை ஒன்பது முறை வென்றார். பிரிட்டனில் மட்டும் 4,493 வெற்றிகள். அவ்வளவு உயரத்துக்கு அந்த எடையில் இருக்க அவர் வயிற்றை எப்படிக் கட்டினார் என்பது தனிக் கதை.

நம் நாட்டில் ஆரம்பத்தில் பெரிய குதிரைகளின் மேல் வெளிநாட்டுக்காரர்கள்தான். 1943-இல் மும்பை மகாலக்ஷ்மியில் முதல் இந்தியன் டெர்பியை வென்றது பரோடா அரச குடும்பத்தின் பிரின்சஸ் பியூட்டிஃபுல். ஓட்டியவர் ஆஸ்திரேலியாவின் எட்கர் பிரிட். அவரே 1947-இல் இங்கிலாந்தில் பரோடா மகாராஜாவின் சாயாஜிராவ் குதிரையை ஓட்டி செயின்ட் லெஜர் வென்றார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த மனிதர், 2017-இல்தான் இறந்தார். சுதந்திரத்தை ஒட்டியும் அதற்குப் பிறகும் அந்த இடத்துக்கு நம் ஆட்கள் வந்தார்கள். கேம் சிங், பாண்டு காதே, ஜகதீஷ், ஷாமு சவாண், பிறகு வசந்த் ஷிண்டே, அஸ்லாம் காதர். மராட்டியர், ராஜஸ்தானியர், பார்சி என்று ஊரும் சாதியும் வேறுவேறு. தமிழ்ப் பெயர்கள் இந்த உச்ச வரிசையில் குறைவு. அதைப் பற்றிக் கணபதிக்காரர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஷிண்டேயை அவர்கள் டெக்ஸ்டூல் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஆளைப்போல உரிமையோடு திட்டுவார்கள், மெச்சுவார்கள்.

பெஸி ஷ்ராஃபுக்கு மட்டும் திட்டு கிடையாது. மும்பைப் பார்சி, 2004-இல் ஓய்வு பெற்றபோது 1,751 வெற்றிகள், எட்டு இந்தியன் டெர்பிகள். அந்த வெற்றி எண்ணிக்கையைப் பிற்காலத்தில் சூரஜ் நரேடு தாண்டினார். பெஸியைப் பற்றி ரேஸ் ஆட்கள் சொல்வது, அவர் ஓட்டும்போது அவசரமே தெரியாது என்பதுதான். சாட்டையைக் காட்டி ஆர்ப்பாட்டம் பண்ணுகிற ஜாக்கியைக் கூட்டத்துக்குப் பிடிக்கும். சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல இருந்து கடைசியில் கழுத்தளவில் ஜெயிப்பவனைத் தொழில் தெரிந்தவனுக்குப் பிடிக்கும். நான் இரண்டாவது கட்சி.

விழுந்தவர்களையும் சொல்லியாக வேண்டும். கார்ல் உம்ரிகர், பெரிய ஜாக்கியாக வருவான் என்று எல்லோரும் எதிர்பார்த்த பையன், 1979-இல் மகாலக்ஷ்மியில் பந்தயத்தின் நடுவே விழுந்து, பத்தொன்பது வயதில் இறந்துபோனான். பத்துப் பன்னிரண்டு குதிரைகள் நெருக்கியடித்து மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒன்று தடுக்கினால், பின்னால் வருபவை நிற்காது. ஆட்டம் பார்க்கிறவன் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவான். ஓட்டியவனுக்கு ஆம்புலன்ஸ் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். உண்மையாகவே ஓடும், உள்சுற்றுப் பாதையில், ஒவ்வொரு பந்தயத்துக்கும்.

இனிக்கும் நினைவு மட்டும் இல்லை இது. ‘ரேஸுக்குப் போறவன்’ என்று தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள். சம்பளக் கவரை ஊட்டியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தவர்கள் கணபதியிலும் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் ஜாக்கி பெயரைச் சொன்னால் இன்றும் யாராவது எழுந்து உள்ளே போய்விடுவார்கள். 1974-இல் கலைஞர் ஆட்சி குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது தாய்மார்கள் கையெடுத்துக் கும்பிட்டதில் நியாயம் இருந்தது. வழக்கு நடந்தது, சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 1986-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. அதுவும் டெல்லிக்குப் போனது.

1996 ஜனவரி 12-இல் இந்தச் சட்டங்களை எதிர்த்த லக்ஷ்மணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமை மேலோங்கிய விளையாட்டு. இதற்கு நீதிபதிகள் காட்டிய காரணங்களில் ஒன்று, சம வேகமுள்ள இரண்டு குதிரைகளில் நன்றாகப் பயிற்சி பெற்ற ஜாக்கி ஏறியது முந்திக்கொள்ளும் என்பது. பெரியப்பா அந்தத் தீர்ப்பைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் டீக்கடையில் வைத்த வாதமும் அதுவே. செட்டிநாட்டு அரண்மனையின் எம்.ஏ.எம். ராமசாமி போன்ற பெரும் உடைமையாளர்களின் சொத்தையும் கிளப்பின் நிலத்தையும் கோர்ட்டில் காப்பாற்றிக் கொடுத்ததில், பட்டினி கிடந்த ஒருவனின் கைத்திறமைக்கும் பங்கு உண்டு. அதற்கு அவனுக்கு எந்தக் கோப்பையும் கொடுக்கவில்லை. கோப்பை எப்போதும் உடைமையாளருக்குத்தான். போட்டோவில் ஜாக்கி ஓரத்தில் நிற்பார்.

சென்னையில் பிற்காலத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஜோத்பூர் அரச லாயத்தோடு தொடர்புள்ள குடும்பத்தில் வந்த ரூபா சிங், கிண்டியில் தொழில்முறை ஜாக்கியாக ஆண்களோடு சேர்ந்து ஓட்டினார். எழுநூறுக்கும் மேற்பட்ட வெற்றிகள். பெண் ஏறினால் பணம் கட்டமாட்டேன் என்று ஆரம்பத்தில் முறுக்கிக்கொண்டவர்கள் உண்டு. இரண்டு தடவை பணம் போனதும் புத்தி வந்தது.

சட்டத்தால் போகாதது வரியாலும் வாடகையாலும் போயிற்று. 2017-இல் பந்தயப் பணத்துக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, 2025-இல் அது 40 ஆனது. ஊட்டி மைதானத்தின் குத்தகை 1978-இலேயே முடிந்திருந்தது. 822 கோடி ரூபாய் வாடகை பாக்கி என்று சொல்லி, 2024 ஜூலையில் வருவாய்த் துறையினர் 52 ஏக்கரையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையும் ரத்தானது. அந்த நிலத்துக்கு 1945-இல் பேசிய ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். இவ்வளவு காலம் அந்த வாடகையில் ஓடியதை நினைத்தால் அரசின் மேல் கோபப்படவும் தோன்றவில்லை. ஓட்டுகிறவர்கள் பலர் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

ஊட்டியில் சூழல் பூங்கா வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும். அந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தமாதிரி ஒரு கல்லை நட்டு, நீலகிரி டெர்பியை வென்ற ஜாக்கிகளின் பெயர்களை ஆண்டு வாரியாகப் பொறித்தால் அரசுக்குப் பெரிய செலவில்லை. குதிரை பெயரும் உடைமையாளர் பெயரும் வேண்டாம், அவை கிளப் ஏடுகளில் பத்திரமாக இருக்கும். பட்டியல் எடுப்பதும் சிரமம் அல்ல. கணபதியில் நாலு பழைய வீடுகளின் பரணைத் தேடினால் மூட்டை மூட்டையாக ரேஸ் புத்தகம் கிடைக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் ஜாக்கி பெயருக்குக் கீழே பென்சில் கோடு போட்டது. எந்த வருடம் எவன் ஜெயித்தான் என்று அங்கே இருக்கிற பெரிசுகளுக்குள் ஒத்துப்போகாது. அதற்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டியிருக்கும்.