ஒரு விளக்கு அணைந்தால்...

பங்குனி மாதத்தில் திருமழபாடியில் நந்தி திருக்கல்யாணம் நடைபெறுகிறது. இத்தகைய திருவிழாக்களில் பந்தலிலும் வீதியிலும் தொங்கும் சீரியல் விளக்குகளைக் கண்டு மகிழ்ந்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்று பழுதானால், அதை நீக்கிவிட்டு இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிடுவது உண்டு. வரிசை மீண்டும் எரியும். ஆனால் சில நாட்களில் அடுத்த விளக்கும் போய்விடலாம். காரணம் என்ன?

எல்.இ.டி. என்பது ஒளி உமிழும் டையோடு. குறிப்பிட்ட மின்னழுத்தம் வரும்வரை அதில் மின்னோட்டம் ஏறக்குறைய இராது. அதைத் தாண்டினாலோ, மின்னழுத்தம் சிறிதளவு கூடினாலும் மின்னோட்டம் மிக வேகமாகப் பெருகும். ஆகவே அதைக் கட்டுப்படுத்த ஒரு மின்தடையைத் தொடரில் இணைக்கிறார்கள். வாய்க்காலுக்கு மதகு எப்படியோ, எல்.இ.டி.க்கு மின்தடை அப்படி.

ஒரு கணக்குப் போடுவோம். 12 வோல்ட் அடாப்டருடன் மூன்று வெள்ளை எல்.இ.டி.களும் 200 ஓம் மின்தடை ஒன்றும் தொடரில் உள்ளன. ஒவ்வொரு விளக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 9 வோல்ட். எஞ்சிய 3 வோல்ட் மின்தடைக்கு. ஓம் விதிப்படி 3-ஐ 200-ஆல் வகுத்தால் 0.015 ஆம்பியர், அதாவது 15 மில்லியாம்பியர். சாதாரணச் சிறு எல்.இ.டி.யின் வரம்பு 20 மில்லியாம்பியர் என்பதால் இது பாதுகாப்பானது.

இப்போது ஒரு விளக்கை நீக்கிக் கம்பியை முறுக்கிவிட்டால்? மின்தடைக்கு 6 வோல்ட் கிடைக்கும். மின்னோட்டம் 30 மில்லியாம்பியர் ஆகிவிடும். இருமடங்கு! மற்ற இரண்டும் சூடேறி விரைவில் கெடும். முறுக்கியே தீரவேண்டுமானால் மின்தடையை 390 ஓமாக மாற்ற வேண்டும்.

வேறு நிற விளக்கைப் பொருத்தலாமா? சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். நீல ஒளியின் ஃபோட்டானுக்கு ஆற்றல் அதிகமாதலால் நீலத்துக்கு 3 வோல்ட் வேண்டும். நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைப் பூசியே பெரும்பாலான வெள்ளை விளக்குகளைச் செய்கிறார்கள். ஆகவே அதற்கும் அதே அளவு. 1962-இல் நிக் ஹோலொன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கினார். திறன் மிக்க நீல எல்.இ.டி.யோ 1990-களில்தான் கைகூடியது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர்.

நம் வரிசையில் ஒரு வெள்ளைக்குப் பதில் சிவப்பைப் பொருத்தினால் மின்னோட்டம் 20 மில்லியாம்பியர் ஆகி வரம்பைத் தொட்டுவிடும். எனவே மாற்று விளக்கு அதே நிறத்திலும் அதே வகையிலும் இருப்பதே நலம். புதிய எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனைப் பக்கம் இருக்கட்டும். மின்தடைக்கு அந்த வேறுபாடு கிடையாது.

ஓர் எச்சரிக்கை: வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக எரியும் சரத்தைப் பிரிக்கவே கூடாது. 12 வோல்ட் அடாப்டரில் மட்டும் சோதியுங்கள். மல்டிமீட்டரால் மின்தடையின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்து, ஓம் மதிப்பால் வகுத்தால் மின்னோட்டம் தெரிந்துவிடும்.

மூன்றும் சிவப்பு விளக்குகளானால் 15 மில்லியாம்பியருக்கு எத்தனை ஓம் வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள்!