உடம்பென்னும் வட்டை – 9: வக்கடை திறந்த கால்

மாமாவின் வயல் படுவான்கரையில், வாவியோடு ஒட்டிய பள்ளக்காணி. மாரியில் வரம்பு கட்டப் போனவரைச் சுங்கான் மீன் குத்திவிட்டது. புறங்காலில், பெருவிரலுக்குச் சற்று மேலே, கடுகளவு துளை. ஒரு மணித்தியாலத்துக்குள் கணுக்கால் மொழி மறைந்துபோனது.

வெந்நீர் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கேட்டார்: "மருமகன், குத்தினது ஒரு இடத்திலதானே? மறுகா ஏன் கால் முழுக்கப் பொங்குது?"

பாடுமீனைப் பற்றி நம்மூரில் எழுதாதவர் இல்லை. குத்துகிற மீனைப் பற்றி இப்படியொரு கேள்வியை நான் எங்கும் படித்ததில்லை. சுங்கானின் செட்டை முள்ளில் நஞ்சு உண்டு. சூடு அந்த நஞ்சின் புரதத்தைக் கெடுக்கும் என்பதால்தான் வெந்நீர் (பொறுக்கும் சூடு போதும், கொதிநீர் கூடாது). ஆனால் காலைப் பொங்கவைத்த நீர் மாமாவின் இரத்தத்திலிருந்து கசிந்தது. கசியவிட்ட இரசாயனங்களும் பெரும்பாலும் அவருடைய உடம்பிலேயே பிறந்தவை.

இதை மணிக்கணக்கோடு காட்டித்தந்தது எலியின் பாதம். 1962இல் அமெரிக்காவில் வின்ரர், ரிஸ்லி, நஸ் என்ற மூவர், செங்கடற்பாசியில் எடுக்கும் கராஜீனனை எலியின் உள்ளங்காலில் ஊசியால் ஏற்றினார்கள். ஐஸ்கிறீமைத் தடிப்பாக்கச் சேர்க்கிறார்களே, அதே சாமான். நூற்றுக்கு ஒரு பங்குக் கரைசலில் ஓரிரு துளிதான். பாதத்தைத் திரவத்தில் அமிழ்த்தி, மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் வீக்கத்தின் அளவு கிடைத்துவிடும்.

1971இல் டி ரோசா, ஜிரூ, வில்லோபி என்போர் அந்த வீக்கத்தைக் கூறுபோட்டார்கள். ஒவ்வோர் இரசாயனமாக மருந்தால் முடக்கி, எந்த நேரத்து வீக்கம் குறைகிறது என்று பார்த்தார்கள். முதல் ஒன்றரை மணித்தியாலம் ஹிஸ்டமினும் செரட்டோனினும். பிறகு இரண்டரை வரை கைனின்கள். அதன்பின் ஆறாம் மணித்தியாலம் வரை புரொஸ்டகிளாண்டின்கள். வயல் வேலைக்கு முறைவைத்து ஆள் வருவதுபோல.

கைனின் கதை தனி ருசி. 1949இல் பிரேசிலில் ரோச்சா இ சில்வா குழுவினர் ஒரு விரியனின் நஞ்சை நாயின் இரத்தத்தோடு சேர்த்தபோது பிரடிகைனின் என்ற கைனின் வெளிப்பட்டது. அந்தப் பொருள் பாம்பிடம் இருக்கவில்லை. நாயின் இரத்தத்துக்குள் மறைந்துகிடந்ததை நஞ்சு வெட்டி எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

மாமாவுக்கு விளங்கப்படுத்த, வரம்பில் தண்ணீர் பாய வெட்டும் வக்கடையை விட்டால் வேறு வழி தெரியவில்லை. நுண்நாளத்தின் சுவர், கலங்களை அடுக்கிக் கட்டிய வரம்பு. ஹிஸ்டமின் பட்டதும் அந்தக் கலங்களுக்கிடையே இடைவெளி விழுகிறது. எலியின் தசையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து மாயனோவும் பலாடேயும் இதை 1961இல் கண்ணாலேயே கண்டார்கள். இடைவெளியால் இரத்தத்தின் புரதம் வெளியேறும். அது நீரையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும்.

ஆனால் வாய்க்கால் வற்றிக்கிடந்தால் வக்கடை திறந்து என்ன வரும்? புரொஸ்டகிளாண்டினுக்கு வக்கடை வெட்டும் கைவண்ணம் குறைவு. அது நாடியை விரித்து, வாய்க்காலில் தண்ணீரைப் பெருக்குகிறது. முன்னவர் வெட்டிவைத்த வக்கடையால் இப்போதுதான் வெள்ளம் பாய்கிறது.

மாமா சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப வாய்க்கால மறிச்சாலும் வட்டை நிரம்பாது."

அஸ்பிரின் செய்வது அதைத்தான். புரொஸ்டகிளாண்டின் உண்டாவதையே அது தடுக்கிறது என்று ஜோன் வேன் காட்டியதும் 1971இல்தான். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாமா வந்தவுடன் விழுங்கிய தும்மல் குளிசை ஹிஸ்டமினை மட்டும் மறிப்பது. பின்னேரம் வீக்கம் ஏறியதில் அதிசயமில்லை. ஆனால் ஒன்று: எலியின் கணக்கை அப்படியே மாமாவின் காலில் எழுதிவிட முடியாது. ஹிஸ்டமினைச் சேர்த்துவைக்கும் மாஸ்ட் கலங்களில் எலிக்குச் செரட்டோனினும் நிறைய; மனிதருக்கு அங்கே அது சொற்பம்.

மாமி இதற்குள் நொச்சி இலையை வதக்கி ஒத்தணம் கொடுக்கத் தொடங்கிவிட்டார். நொச்சி இலைச்சாற்றை எலிகளுக்குப் பருக்கி, இதே கராஜீனன் வீக்கம் குறைவதைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ரத்னசூரியவும் உடனாய்வாளர்களும் 2003இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஹிஸ்டமினை எதிர்க்கும் குணமும் அதில் தெரிந்தது. வாய் சும்மா இருக்காமல் இதை மாமியிடம் சொன்னேன்.

"அப்ப அவிச்சுக் குடிக்கவும் குடுப்பமா?"

"வேணாம் மாமி, அது எலிக்கு." முள் முறிந்து உள்ளே கிடக்கிறதா என்று பார்க்கவும் ஏற்பூசி போடவும் மாமாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனோம்.

மூன்றாம் நாள் கணுக்கால் மொழி வெளியே தெரிந்தது. புறங்காலைப் பெருவிரலால் அமுக்கி, விழுந்த குழி மெல்ல மெல்ல நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அடுத்ததைக் கேட்டார்: "வந்த தண்ணி வக்கடையால வந்தது. போன தண்ணி எதால போச்சு மருமகன்? வடிச்சல் எங்க கிடக்கு?"

(தொடரும்)