குழந்தை வயதை முந்தி வளர்கிறதா?

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையின் வளர்ச்சியை மருத்துவர்கள் ஐந்து கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். நடப்பது, ஏறுவது போன்ற உடல் அசைவு, விரல்களால் செய்யும் நுண்வேலை, பேச்சும் புரிதலும், யோசித்துச் செயல்படும் திறன், பிறரோடு பழகுவது என்பவை அவை. கொடியைப் பார்த்து நாட்டின் பெயரைச் சொல்லும் குழந்தையும், இரண்டு வயதிலேயே ஆங்கில எழுத்துகளை ஒப்பிக்கும் குழந்தையும் கோவை, திருப்பூர், ஈரோடு நாளிதழ்ப் பக்கங்களில் சாதனைச் சான்றிதழோடு இடம்பெறுவதுண்டு. அந்தத் திறன் இவ்வைந்தில் ஒன்றின் சிறு பகுதிதான். ஐந்தையும் சேர்த்துப் பார்த்த பிறகே ஒரு குழந்தை வயதை முந்தியிருக்கிறதா என்று சொல்ல முடியும்.

இயல்பான வளர்ச்சியின் எல்லை

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து 2006-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டது. அதன்படி, 8 மாதம் கடந்தவுடன் தனியாக நடப்பதும் இயல்பு. 17 மாதத்தில் நடப்பதும் இயல்பு. தவழாமலேயே நடக்கத் தொடங்கும் குழந்தைகளும் உண்டு. பேச்சில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. இரண்டு வயதில் ஐம்பது அறுபது சொற்களோடு நிற்கும் குழந்தையும், ஐந்நூறு சொற்களைத் தாண்டிய குழந்தையும் ஒரே தெருவில் இருக்கலாம்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் திருத்திய பட்டியல், நான்கில் மூன்று குழந்தைகளாவது செய்யக்கூடியவற்றை வயதுவாரியாகத் தருகிறது.

- 18 மாதம்: அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களையாவது சொல்ல முயலும், தன்னைக் கவர்ந்த ஒன்றை மற்றவருக்கு விரல் நீட்டிக் காட்டும்.
- 2 வயது: இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும், உடல் உறுப்புகளில் இரண்டையாவது தொட்டுக் காட்டும்.
- 30 மாதம்: ஏறத்தாழ 50 சொற்கள் பேசும், ஒரு நிறத்தையாவது அடையாளம் காணும்.
- 5 வயது: பத்து வரை எண்ணும், சில எழுத்துகளின் பெயரைச் சொல்லும்.

எழுத்தும் எண்ணும் ஐந்து வயதுப் பட்டியலில்தான் வருகின்றன. இரண்டரை வயதுக் குழந்தைக்கு எழுத்து தெரியாவிட்டால் அது பின்தங்கல் ஆகாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டு, இரண்டு வயது வரை திருத்திய வயதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒப்பிப்பதும் புரிந்துகொள்வதும்

இருபது வரை எண்களை ஒப்பிக்கும் இரண்டு வயதுக் குழந்தையிடம் ‘மூணு கரண்டி எடுத்துக் கொடு’ என்றால், பெரும்பாலும் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். எண்ணின் வரிசை மனப்பாடத்தில் வந்துவிடும். எண் குறிக்கும் அளவு புரிவதற்கு மூன்றரை, நான்கு வயதாகும். கொடி, தலைநகரம், வாகனப் பெயர் போன்றவையும் திரும்பத் திரும்பக் காட்டுவதால் வரும் நினைவாற்றலே. அது நல்ல நினைவாற்றல்தான். ஆனால் மொத்த அறிவுத்திறனுக்கு அதை அளவாக வைக்க முடியாது.

உண்மையில் முந்தி வளரும் குழந்தை, கற்றதை வேறோர் இடத்தில் பயன்படுத்தும். யாரும் சொல்லித் தராமலே ‘ஏன்’, ‘எப்படி’ என்று கேட்கும். நீண்ட வாக்கியங்களில் நடந்ததை வரிசையாகச் சொல்லும். ஒரே விளையாட்டில் வயதுக்கு மீறிய நேரம் ஈடுபடும். அப்படி இருந்தாலும், இரண்டு வயதுக்குள் எடுக்கும் பரிசோதனை மதிப்பெண்ணை வைத்துப் பள்ளி வயது அறிவுத்திறனைக் கணிப்பது நம்பகமானதல்ல.

வீட்டில் இரண்டு மொழி

கொங்கு நாட்டில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ மலையாளமோ பேசி, வெளியில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். திருப்பூரில் இந்தி பேசும் தொழிலாளர் வீடுகளும் சேர்ந்துள்ளன. இக்குழந்தைகளின் சொற்களை ஒரே மொழியில் எண்ணினால் குறைவாகத் தோன்றும். எல்லா மொழிச் சொற்களையும் கூட்டிப் பார்ப்பதே சரியான முறை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை.

ஈரோட்டில் பிறந்த ராமானுஜன்

கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். முதல் மூன்று ஆண்டுகள் அவர் பேசவே இல்லை எனலாம் என்றும், ஊமையோ என்று தாய் அஞ்சினார் என்றும் ராபர்ட் கனிகல் 1991-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். காஞ்சிபுரத்தில் தாத்தா அவரது கையைப் பிடித்து அரிசியில் எழுத்துகளை எழுதவைத்து, ஒலியைச் சொல்லித்தந்த பிறகு பேச்சு வந்தது. பிஞ்சுப் பருவத்துக் கணிப்பு எவ்வளவு பிழைபடலாம் என்பதற்கு இது சான்று. எனினும், ‘ராமானுஜனும் தாமதமாகத்தான் பேசினார்’ என்று சொல்லி மருத்துவரைப் பார்க்காமல் இருக்க இது காரணமாகாது. தாமதமாகப் பேசும் குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனை கட்டாயம் தேவை.

எச்சரிக்கை அடையாளங்கள்

சில குழந்தைகள் யாரும் கற்பிக்காமலே மூன்று வயதுக்குள் சொற்களை வாசிக்கும். ஆனால் அவற்றின் பொருள் தெரியாது. இதற்கு ஹைப்பர்லெக்சியா என்று பெயர். இவர்களில் சிலருக்கு ஆட்டிசம் இருக்கக்கூடும். எழுத்திலும் எண்ணிலும் கெட்டியாக இருக்கும் குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், கண்ணைப் பார்க்காமல், விரல் நீட்டிக் காட்டாமல் இருந்தால், அல்லது பேசிய சொற்களை இழந்தால், உடனே பரிசோதிக்க வேண்டும். இத்தகைய குழந்தையின் வாசிப்பைப் பாராட்டிக்கொண்டே பெற்றோர் மற்ற அடையாளங்களைத் தவறவிடுவதுண்டு.

வீட்டில் செய்யக்கூடியவை

மூளை வளர்ச்சிக்கு இரும்புச்சத்து முக்கியம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. கம்பங்கூழ், பருப்பு, கீரை, முட்டை ஆகியவற்றோடு நெல்லிக்காய்ச் சாறு போன்ற வைட்டமின் சி உள்ள உணவும் தர வேண்டும். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடித்தால் குழந்தை மற்ற உணவைத் தள்ளிவிடும், இரும்புச்சத்தும் குறையும்.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம், இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்றும் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் அறிவுறுத்துகிறது. கற்பிக்கும் செயலிகளைவிட அப்பாருவும் அமுச்சியும் (தாத்தாவும் பாட்டியும்) சொல்லும் கதைகள் நன்கு பயன்படும். கதையில் குழந்தையும் பதில் சொல்கிறது.

எங்கே பரிசோதிக்கலாம்?

திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய 17 அம்ச வளர்ச்சிப் பரிசோதனை அட்டை, இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சில நிமிடங்களில் செய்யக்கூடியது. இது பின்தங்கலைக் கண்டறியவே வடிவமைக்கப்பட்டது. மேதைமையை அளக்க அன்று. விரிவான அளவீட்டுக்கு, 67 இயக்க அம்சங்களும் 163 மனவளர்ச்சி அம்சங்களும் கொண்ட ‘டாசி’ (DASII) என்னும் இந்திய அளவுகோலைப் பயிற்சி பெற்ற நிபுணர்கள் பயன்படுத்துகின்றனர்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வந்து வளர்ச்சித் தாமதத்தைச் சோதிக்கின்றன. தேவைப்படும் குழந்தைகள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கு சிகிச்சை இலவசம். முந்தி வளரும் குழந்தைக்குத் தனிச் சிகிச்சையோ முன்கூட்டிய பள்ளிச் சேர்க்கையோ தேவையில்லை. பின்தங்கும் குழந்தைக்கோ ஒவ்வொரு மாதமும் முக்கியம். ஆகவே எவ்வளவு முந்தியிருக்கிறது என்று கணக்கிடுவதைவிட, ஐந்து கூறுகளில் எதிலாவது பின்தங்குகிறதா என்பதைப் பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டும்.