விளக்கு வந்த பிறகுதான் வேலை இருக்கிறது

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது மறந்திருக்காது. சாயங்காலம் ஆறரை மணிக்கு எஞ்சின் கொட்டகையிலிருந்து டப் டப் என்று சத்தம் கிளம்பும். சற்று நேரத்தில் லயத்து வீடுகளில் குண்டு பல்புகள் எரியும். இரவு பத்து மணியானால் எஞ்சின் நின்றுவிடும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அதற்கு மேல் மண்ணெண்ணெய் விளக்கைத்தான் நம்ப வேண்டும். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போகுமுன் சோறு வடித்த தாய்மார்களுக்கும் அந்த விளக்குதான் துணை.

இளைய வாசகர்களே, நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். விளக்குப் புகையால் கறுத்துப்போன கூரையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்.

இன்று பெரும்பாலான தோட்டங்களுக்கு மின்கம்பி வந்துவிட்டது. கம்பி போக முடியாத ஊர்கள் இந்த நாட்டில் இன்னும் இருக்கின்றன. சபாவிலும் சரவாக்கிலும் மலை உச்சிகளில், சாலையே இல்லாத இடங்களில் மக்கள் வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட சில ஊர்கள், சுற்றுச்சூழலைக் கெடுக்காத மின்சாரத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டன. அதற்கு மானியமும் பெற்றன. அவர்கள் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆற்று நீரில் எரியும் விளக்கு

சபாவில் பெனாம்பாங் மாவட்டத்தில், குரோக்கர் மலைத்தொடரின் காட்டுக்குள்ளே கம்போங் தெரியான் என்ற சிற்றூர் இருக்கிறது. கடசான்டூசுன் மக்கள் வாழும் ஊர். 2005-ல் அங்கே ஆற்று நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் சிறு நிலையம் ஒன்று அமைந்தது. அதன் சக்தி 5 கிலோவாட். தொனிபுங், பாகோஸ் என்ற சபா மக்களின் சொந்த அமைப்புகளும், கிரீன் எம்பவர்மெண்ட் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் சேர்ந்து துணை நின்றன.

5 கிலோவாட் என்றால் எவ்வளவு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய மண்ணெண்ணெய் டின்னில் 18 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அப்படி ஒரு டின் தண்ணீர் ஒவ்வொரு விநாடியும் 55 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றிய பால்மரம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் உயரம் அது. அந்தத் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் மின்பொறியைச் சுழற்றுகிறது. வழியில் வீணாகும் பாதிச் சக்தியைக் கழித்தாலும் ஏறக்குறைய 5 கிலோவாட் கிடைக்கும்.

இதை 30 வீடுகள் பங்கிட்டால் வீட்டுக்கு 160 வாட்டுக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். 9 வாட் எல்.இ.டி. பல்புகள் நாலும், ஒரு சிறு காற்றாடியும், ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியும் போடலாம். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைப் போட முடியாது. அது ஒன்றே 1,000 வாட் இழுக்கும். ஒரு வீடு பேராசைப்பட்டால் ஊர் முழுவதும் விளக்கு மங்கிவிடும். ஆகவே இத்தகைய ஊர்களில் மின்சாரத்தோடு கட்டுப்பாடும் சேர்ந்தே வந்தாக வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஆற்றின் மேற்பகுதியில் காட்டை அழித்தால் தண்ணீர் வற்றும், மண் வந்து குழாயை அடைக்கும். விளக்கு எரிய வேண்டுமானால் மரம் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் சொல்லிக் கொடுத்தாலும் மனத்தில் ஏறாத இந்தப் பாடத்தை, வீட்டில் எரியும் ஒரு பல்பு ஒரே மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடும்.

பணம் யார் கொடுக்கிறார்கள்?

இப்படிப்பட்ட வேலைகளுக்கு உதவும் நிதிகள் பல உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். உலகச் சுற்றுச்சூழல் நிதியின் சிறு மானியத் திட்டம் என்பது அதன் பெயர். 1992-ல் தொடங்கிய இத்திட்டத்தை ஐக்கிய நாடுகளின் மேம்பாட்டுத் திட்ட அமைப்பு நடத்தி வருகிறது. பல நாடுகளில் நடைபெறும் இத்திட்டம் மலேசியாவுக்கும் வந்தது.

இதன் முறையைக் கவனியுங்கள். பணம் தனி மனிதருக்குக் கிடையாது. இலாபம் கருதாத உள்ளூர் அமைப்புகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும்தான் கொடுப்பார்கள். நீண்ட காலம் வழக்கமான உச்ச அளவு 50,000 அமெரிக்க டாலராக இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தந்த நாட்டிலுள்ள ஒரு குழுவே முடிவு செய்யும். அந்தக் குழுவில் அரசாங்கத்தைச் சேராதவர்களே பெரும்பான்மையாக இருப்பார்கள். பணத்தையும் ஒரே தடவையில் கொட்டிவிட மாட்டார்கள். தவணை தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது கிடைக்கும்.

மிக முக்கியமானது இன்னொன்று. "உங்கள் பங்கு என்ன?" என்று கேட்பார்கள். கையில் காசு இல்லையே என்று மலைக்க வேண்டாம். உழைப்பையும் பங்காக எடுத்துக்கொள்கிறார்கள். குழாய் சுமந்த தோளுக்கும், கல் உடைத்த கைக்கும், சமைத்துப் போட்ட பெண்களின் நேரத்துக்கும் அங்கே மதிப்பு உண்டு. நாம் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடச் செய்யும் கோத்தோங் ரோயோங் இருக்கிறதே, அதே உழைப்புதான். வித்தியாசம் ஒன்றுதான். யார் வந்தார்கள், எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதை அவர்கள் எழுதி வைக்கிறார்கள். நாம் எழுதி வைப்பதில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத பொறியாளர்கள்

"இதெல்லாம் படித்தவர்கள் வேலை, நமக்கு எங்கே புரியப்போகிறது?" என்று கேட்கிறீர்களா? அப்படியானால் இதைக் கேளுங்கள்.

இந்தியாவில் இராஜஸ்தான் மாநிலத்தில் திலோனியா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே பங்கர் ராய் என்பவர் 1972-ல் தொடங்கிய நிறுவனத்திற்குப் பேர்ஃபுட் காலேஜ் என்று பெயர். வெறுங்கால் கல்லூரி என்று சொல்லலாம். பல நாட்டுக் கிராமங்களிலிருந்து பெண்களை அங்கே வரவழைத்து, ஆறு மாதம் தங்க வைத்து, சூரிய ஒளி விளக்குகளைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் பயிற்சி கொடுத்தார்கள். வந்தவர்களில் பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர்களும் உண்டு. ஆசிரியருக்கும் மாணவிக்கும் பொதுவான மொழி கிடையாது. கம்பியின் நிறத்தைக் காட்டி, கையால் சைகை செய்து, செய்து காட்டிச் செய்து காட்டிப் பாடம் நடந்தது. வெளிநாட்டுப் பெண்களின் பயணச் செலவையும் பயிற்சிச் செலவையும் இந்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டின் சபாவிலிருந்தும் கிராமத்துப் பெண்கள் அங்கே போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள்.

ஏன் வயதான பெண்களைத் தேடி எடுத்தார்கள்? பங்கர் ராய் சொல்லிவந்த காரணம் எளிமையானது. இளைஞனுக்குப் பயிற்சி கொடுத்தால் சான்றிதழை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்கு வேலை தேடிப் போய்விடுகிறான். பாட்டி ஊரை விட்டுப் போகமாட்டாள். விளக்கு கெட்டால் அவள் அங்கேயே இருப்பாள்.

மரத்துக்கு மரம் கோடு மாறாமல் பால் சீவத் தெரிந்த கைக்கு, நாலு கம்பியைச் சரியாக இணைக்கத் தெரியாதா? யோசித்துப் பாருங்கள்.

அணைந்து போகும் விளக்குகள்

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். நன்கொடையாக வந்த சூரிய ஒளிச் சாதனங்கள் எல்லாமே நீடித்து எரிவதில்லை. திறப்பு விழா நடக்கும். மாலை போடுவார்கள். படம் எடுப்பார்கள். மூன்று நாலு வருடம் கழித்து மின்கலம் செத்துவிடும். புது மின்கலம் வாங்கப் பணம் இருக்காது. கொடுத்தவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். கூரைமேல் கண்ணாடிப் பலகை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

குற்றம் எங்கே இருக்கிறது? சூரியனிடம் இல்லை. சாதனத்திலும் பெரும்பாலும் இல்லை. முதல் நாளிலிருந்தே ஊரில் உண்டியல் வைக்காததுதான் குற்றம்.

30 வீடுகள் மாதம் 5 வெள்ளி வீதம் போட்டால் மாதத்துக்கு 150 வெள்ளி. வருடத்துக்கு 1,800 வெள்ளி. ஐந்து வருடத்தில் 9,000 வெள்ளி. மின்கலமோ, தேய்ந்துபோன உதிரிப் பாகமோ வாங்க வேண்டிய நாள் வரும்போது யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. மானியம் இயந்திரத்தை வாங்கிக் கொடுக்கும். அதை ஓட வைப்பது அந்த ஐந்து வெள்ளிதான்.

இது நமக்குப் புதிய பாடமா? 1960-ல் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகப் போய்ப் பேசினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டினார்கள். அந்தச் சிறு பணம் சேர்ந்துதான் தோட்டங்களையே வாங்கியது. பத்து வெள்ளியால் தோட்டம் வாங்கிய சமுதாயத்துக்கு ஐந்து வெள்ளியால் ஒரு விளக்கைக் காப்பாற்ற முடியாதா?

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் தோட்டத்தில், அல்லது தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமானில், ஏதாவது ஒரு சங்கம் இருக்கும். கோயில் செயலவை, இளைஞர் மன்றம், மாதர் பிரிவு, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று ஒன்றாவது இருக்கும். பொது மண்டபத்துக்கும் மாலை வகுப்புக்கும் சூரிய ஒளி மின்சாரம், பிள்ளைகளுக்கு மின்சாரச் சிக்கனம் பற்றிய செய்முறைப் பாடம், இவற்றுக்கு உதவி தேட அந்தச் சங்கமே போதும். விண்ணப்பம் எழுதுவதற்கு முன் நாலு காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, சங்கத்தின் பதிவு செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். ஆண்டுக் கூட்டம் நடத்தி ஆண்டறிக்கை அனுப்பாத சங்கத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கட்டும். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் ஒரு காசும் வெளியே வரக்கூடாது.

மூன்றாவது, ஒரு வருடக் கணக்கை ரசீதோடு சுத்தமாக எழுதி வையுங்கள். பள்ளியில் படிக்கும் மகளிடம் கொடுத்தால் அவளே எழுதித் தருவாள். அவளுக்கும் அது நல்ல பயிற்சி.

நாலாவது, பழுது பார்க்கப் போகிறவர் யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஊரை விட்டுப் போகாத இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

இந்த நாலும் தயாரான பிறகு விண்ணப்பம் எழுதுங்கள். ஒரு முறை கிடைக்காவிட்டாலும் மறுமுறை எழுதலாம். கிடைக்காமலே போனாலும் ஒழுங்கான ஒரு சங்கமாவது உங்களுக்கு மிஞ்சும்.

அன்று எஞ்சினை நிறுத்தும் நேரம் நம் கையில் இல்லை. பத்து மணியானால் இருட்டுதான். நாமே வாங்கி, நாமே காசு போட்டுக் காப்பாற்றும் விளக்கு எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்பதை நாமே சொல்லலாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை புத்தகத்தை மூடிய பிறகு அணைத்தால் போதும்.